இலை சமைக்கும் சால்னா

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித் திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது நல்ல பசி. இந்த ஊரில் எல்லோரும் பிரியாணிக்குத்தான் போவார்கள். நான் போனது வாழையிலையில் கட்டித் தரும் கிழி பரோட்டாவுக்கு.

மாஸ்டர் முதலில் எடுத்தது இலையை. நடுநரம்பின் தடித்த பகுதியைக் கத்தியால் சீவிவிட்டு, தணலுக்கு மேல் மெல்லக் காட்டினார். வெளிர்ந்திருந்த பச்சை கருத்துப் பளபளத்தது. "வாட்டாத இலை மடிக்கிறப்பவே கிழிஞ்சிரும்ணே, சால்னா பூரா ஒழுகிரும்" என்றார். ஒரு பரோட்டா, கெட்டிச் சால்னா, மட்டன் சுக்கா, மேலே இன்னொரு பரோட்டா, மறுபடி சால்னா. நாலு பக்கமும் மடித்து வாழைநாரால் கட்டி, இட்லிச் சட்டியில் ஏற்றினார்.

கிழக்கு ஆப்பிரிக்காவில், உகாண்டாவின் புகாண்டா மக்களும் இலையை இப்படியேதான் வாட்டுகிறார்கள், நரம்பு சீவுகிறார்கள், நாரால் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிச் சமைக்கும் லுவொம்போவை 1887-ல் முவாங்கா மன்னரின் அரண்மனைச் சமையல்காரர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். கோழியோ ஆட்டுக்கறியோ வேர்க்கடலைக் குழம்போடு இலைக்குள் போகும். ஆளுக்கொரு பொட்டலம்; தொட்டுக்கொள்ள மத்தோக்கே, அதாவது வேகவைத்து மசித்த வாழைக்காய். வீட்டைச் சுற்றி வாழை நிற்கிற ஊர்களில் இந்தப் பக்குவம் பிறந்ததில் ஆச்சரியமில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கறி மணிக்கணக்கில் இலைக்குள்ளேயே வேகிறது. இங்கே எல்லாம் வெந்த பிறகுதான் உள்ளே போகிறது. ஆவியில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இலை தருவது மணம் மட்டுமே. ஆனால் அந்த மணம் இல்லாவிட்டால் அது வெறும் சால்னாவில் ஊறிய பரோட்டாதான். கட்டை அவிழ்த்தபோது இலை பழுப்பேறியிருந்தது. மடிப்புகளில் மிளகாய் சிவந்த எண்ணெய் தேங்கி நின்றது. அடிப் பரோட்டா விரல் பட்டதும் பிரிந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

இந்த மாவட்டத்து விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகளுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமையெல்லாம் பழத்துக்கு. இலைக்கும் அதில் பங்கு வேண்டும் என்று நினைக்கிறேன். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளை 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்தும், கொதிக்கும் சால்னா இன்னும் பல இடங்களில் அதற்குள்தான் போகிறது. பார்க்கவே மனசு பதறுகிறது.

இந்த மாஸ்டர் பார்சலையும் இலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றித் தந்தார். வீட்டுக்கு இரண்டு வாங்கிக்கொண்டேன்.