கந்தல் தந்த கதகதப்பு

என் சாம்பல் நிற ஸ்வெட்டர், கந்தலில் பிறந்தது. பிறர் கழித்த கம்பளியைக் கிழித்து, பஞ்சாக்கி, மீண்டும் நூற்றுப் பின்னியது. "பிறர் கழித்ததை அணிவதா?" என்று முகம் சுளித்தார் நண்பர். குளிர் தாங்குகிறதா என்று கேட்கவில்லை, பிறப்பைத்தான் கேட்டார்! துணிக்குமா குலம் கோத்திரம்?

1813-இல், இங்கிலாந்தின் பாட்லி நகரில், பெஞ்சமின் லா என்பார் இத்தொழிலைத் தொடங்கினார். 'ஷாடி' எனப் பெயர் பெற்றது அத்துணி. 1861-இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில், கொள்ளை இலாபம் தேடிய ஒப்பந்தக்காரர்கள் மட்டமான ஷாடியைப் படைவீரர் தலையில் கட்டினர். உடை உதிர்ந்தது. பழியோ துணிக்கு! ஆங்கிலத்தில் 'ஷாடி' என்றாலே மட்டம் என்று பொருளாயிற்று.

இன்று அரியானாவின் பானிப்பட்டில் பல நாட்டுப் பழந்துணி வந்து குவிகிறது. பெண்கள் பொத்தானை அறுத்து, நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். அதனால் சாயம் மிச்சம்; தண்ணீர் மிச்சம். ஆலைத் தூசியோ, தொழிலாளர் நுரையீரலில் தங்குகிறது!

ஸ்வெட்டரில் தைத்த சீட்டு, 'மறுசுழற்சி' என்று பெருமை பேசுகிறது. பிரித்தவள் கூலி பற்றி மௌனம் சாதிக்கிறது. தோழர்களே, அடுத்த முறை கடைக்காரரிடம் விலையோடு இதையும் கேளுங்கள்: பிரித்தவளுக்குக் கூலி என்ன? தூசியிலிருந்து காப்பு என்ன?