மணிமாலையும் கெட்ட இரத்தமும்

புதிர் விளையாட்டென்றால் வேலையற்றோர் பொழுதுபோக்கென்றே நம்மவரிற் பலர் எண்ணுவர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். செக்ரோல் கணக்கை முடித்த ஓர் இரவில், உறக்கம் வராமையால் கணினியில் ஃபோல்டிட் என்னும் விளையாட்டைத் திறந்தேன். அன்று தொடங்கியது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். நம் உடலிலுள்ள புரதங்கள், அமினோ அமிலங்கள் என்னும் 20 வகை மணிகளைக் கோத்த மாலை போன்றவை. மாலை உரிய விதமாய் மடிந்தாலன்றிப் பெரும்பாலானவை தம் வேலையைச் செய்யா. அம்மடிப்பைக் காண்பதே ஆட்டம். நீரை வெறுக்கும் மணிக்கு ஆரஞ்சு நிறம்; நீரை விரும்புவதற்கு நீலம். ஆரஞ்சை உள்ளே மறைத்து நீலத்தை வெளியே விட்டால் மதிப்பெண் ஏறும். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் தரும் ஒரு கிருமியின் புரத வடிவைப் பத்தாண்டுக்கு மேல் முயன்றும் விஞ்ஞானிகள் காணவில்லை. இவ்விளையாட்டினர் மூன்று வாரத்தில் வழி காட்டினர் என்னும் செய்தி 2011-இல் வெளியாயிற்று. அவர்களிற் பலர் உயிர்நூல் கல்லாதவர்.

நிற்க. யான் சொல்ல வந்தது வேறு.

என் தங்கை மகள் அடிக்கடி கைகால் வலியால் துடிப்பாள். மூன்றாண்டுகளுக்கு முன் பட்டணத்து மருத்துவர் அதன் காரணத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். குடும்பத்தில் ஆங்கிலம் படித்தவன் யானொருவனே. எனக்குப் பாதி விளங்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளக் கிராணியின் கௌரவம் இடந்தரவில்லை. "பரம்பரையாய் வரும் கெட்ட இரத்தம்" என்று மொழிபெயர்த்துவிட்டேன். அன்று மாலைக்குள் லயம் முழுதும் அச்சொல் பரவியது. "உன் பொறந்த வீட்டு ரத்தந்தானே" என்று தங்கையை மாமியார் இடித்துரைத்தார். தோஷங் கழிக்கப் பூசாரிக்கு இரண்டு சேவலும் போயின. பழியை மட்டும் தங்கையே சுமந்தாள்.

ஆட்டத்தின் ஆரஞ்சு விதி மனத்திற் பதிந்தபின், மருத்துவமனை கொடுத்த தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 மணிகள். ஆறாவதாய்க் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது. நீலம் இருந்த இடத்தில் ஆரஞ்சு! அதுவும் வெளிப்புறத்தில். பிராணவாயுவை இறக்கிவிட்ட பின் அம்மணி அடுத்த ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அவை நீண்ட இழைகளாகின்றன. வட்டமான இரத்த அணு கதிரரிவாளாய் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. வலி அதனால். இந்நோய்க்கு ஒருவர் வழி மட்டும் போதாது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரவேண்டும். அத்தாள் மூன்றாண்டாய் என் மேசையறையிற் கிடந்தது.

ஞாயிறன்று இருநிற மணிகளும் நூலும் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டிற்குச் சென்றேன். கோத்துக் காட்டிச் சொல்லி முடித்ததும் மாமியார் நெடுநேரம் பேசவில்லை.

"அப்படின்னா எம் மவங்கிட்டயும் இருக்கா?"

"ஆமாம்மா. ரெண்டு பேருகிட்டயும் பாதி பாதி. அவங்களுக்கு நோயில்லை, பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்துபோச்சு."

தங்கை மட்டும், "இதை அன்னைக்கே கேட்டுச் சொல்லியிருக்கலாமே, அண்ணே" என்றாள். யான் மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

உடலில் நீர் குறைந்தாலும் குளிர் தாக்கினாலும் வலி வருமென்று அத்தாளிலேயே இருந்தது. இப்போது குழந்தையின் பள்ளிப் பையில் தண்ணீர்ப் போத்தலை வைப்பவர் மாமியார்தாம்.