உப்புக் காற்றும் மெகாபிக்சலும்

டிசம்பர் மாதம். மணி ஐந்துகூட ஆகவில்லை. மாயாபந்தர் பஜாரில் விளக்கு போட்டாகிவிட்டது. மிர்சாபூர் பக்கத்துச் சூரியனை வைத்து ஓடும் இந்திய நேரம், கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடக்கும் இந்த அந்தமான் ஊருக்கு ஒத்துவருவதே இல்லை. சென்னைவாசி மாலைக் காப்பியைக் கையில் எடுக்கும்போது இங்கே ராத்திரி ஆரம்பமாகிவிடுகிறது. நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கும் சின்னக் கடை ஒன்றில், ட்யூப்லைட்டுக்கு அடியில், நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தன் செல்போனில் வேறொரு செல்போனைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். அதை அவர் வாங்கப் போவதில்லை. வாங்குகிறவர்கள் மட்டும்தான் படிக்க வேண்டுமா என்ன?

ஊரில் அவருக்கு 'மொபைல் சார்' என்று பெயர். பெற்றோர் ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்கள். இவர் பிறந்தது இங்கேதான். கடையில் பாதி நேரம் பேசுவது அந்தமான் இந்தி. வங்காளிகள், தெலுங்கு மீனவர்கள், ராஞ்சிக்காரர்கள், 1920-களில் பர்மாவிலிருந்து வந்து வெபி கிராமத்தில் குடியேறிய காரென் இனத்தவரின் பேரப்பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்க வருவது ஒரே கேள்வியைத்தான்: “எந்த போன் வாங்கலாம்?” நோட்டு விற்று வரும் வருமானத்தைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் அவருக்குச் சந்தோஷம் அதிகம். இதற்குக் காசு வாங்குவதில்லை. மனைவிக்கு அதில்தான் வருத்தம்.

மேஜை டிராயரில் ஐந்து போன்கள் கிடக்கின்றன. நான்கு செத்துவிட்டன. உயிரோடு இருப்பது மூத்தது, 2003-ல் வெளிவந்த நோக்கியா 1100. நுனியில் டார்ச், வழுக்காத பக்கவாட்டுப் பிடிப்பு, தூசி புகாத ஒரே ரப்பர் விரிப்பாகப் பட்டன்கள் என இந்தியா போன்ற நாடுகளுக்கென்றே செய்யப்பட்டு, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. கரண்ட் போகும்போது அதன் டார்ச்சில்தான் இன்றும் கடையைப் பூட்டுகிறார்.

மற்ற நான்கும் அவருடைய படிப்புக்கு அவர் கட்டிய பீஸ். முதலாவதை வாங்கியது முன்பக்கம் கேமரா இருக்கிறது என்பதற்காக. முகம் பார்த்துப் பேசலாம் என்று விளம்பரம் சொன்னது. அந்தக் காலத்தில் அந்தமானின் இன்டர்நெட் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. விண்வெளியில் 36,000 கி.மீ. ஏறி இறங்கி வரும் அந்தக் குறுகிய பாதையில், தீவுகள் அத்தனையும் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு போட்டோ இறங்குவதற்குள் டீ ஆறிவிடும். முன்பக்கக் கேமராவால் கிடைத்த ஒரே பலன், இவர் தலைவாரிக்கொண்டதுதான். இரண்டாவதையும் மூன்றாவதையும் கடற்காற்று தின்றது. சார்ஜர் பின் சொருகும் இடத்தில் முதலில் பச்சை பூக்கும், பிறகு ஒயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும், பிறகு எந்தக் கோணத்திலும் ஏறாது. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில் இது எல்லோர் வீட்டுக் கதையும்தான்.

நான்காவது போனைப் பற்றி அவர் சிரிக்காமல் பேசுகிறார். அது 'தண்ணீர் புகாத' போன். ஐபி 67 என்ற முத்திரையை நம்பி, கொஞ்சம் கடன் வாங்கித்தான் வாங்கினார். துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கும்போது நழுவி விழுந்தது. முழங்கால் ஆழம்தான். ஒரு நிமிஷத்துக்குள் எடுத்தாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து திரையில் கோடு விழுந்தது. மூன்றாம் நாள் திரையே விழிக்கவில்லை.

சர்வீஸ் சென்டர் இருப்பது போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்). மாயாபந்தரிலிருந்து சுமார் 240 கி.மீ. இருட்டோடு பஸ் ஏற வேண்டும். வழியில் பஸ்ஸோடு சேர்ந்து படகில் கடலிடுக்கைக் கடக்க வேண்டும். ஜாரவா பழங்குடியினரின் காட்டுப் பகுதியை வாகனங்கள் நேரம் குறித்து, போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் தாண்டுகின்றன. அங்கே படம் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். செத்துப் போன போனை அணைத்து வைத்துக்கொண்டு காட்டைக் கடந்த முதல் ஆள் தான்தான் என்கிறார் அவர்.

சர்வீஸ் சென்டர் பையன் பின்மூடியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த பச்சையைக் காட்டினான். “சார், இது தண்ணி. வாரன்டில வராது.” பிறகுதான் இவர் உட்கார்ந்து படித்தார். ஐபி 67 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தது என்று அர்த்தம். ஆனால் சோதனைக்கூடத்தில், அசையாத நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீர் அந்தக் கணக்கில் சேராது. போன் பழசாகப் பழசாக உள்ளிருக்கும் பசையும் ரப்பரும் தளர்ந்துவிடும். தண்ணீரால் கெட்டால் வாரன்டி இல்லை என்பதும் பெரும்பாலான கம்பெனிகளின் பொடி எழுத்தில் இருக்கிறது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் நல்ல தண்ணீர்ச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன காசு போகட்டும். அதில் அவருடைய அப்பாவின் குரல் இருந்தது. முந்திய வருஷம்தான் அப்பா காலமாகியிருந்தார். கடைக்கு வரும்போது மாத்திரை வாங்கி வரச் சொல்லி, கொப்பரைக்கு இன்றைய விலை என்ன என்று விசாரித்து, ஒன்றுமே இல்லாமல் “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டு அனுப்பிய சின்னச் சின்னப் பதிவுகள். போனை ஒல்லியாக்குகிறோம் என்று மெமரி கார்டு போடும் இடத்தைக் கம்பெனி எடுத்துவிட்டிருந்தது. எல்லாம் போனின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது, வயிறு கெட்டதும் போய்விட்டது. இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருக்கலாமே என்று மெயின்லேண்டில் இருக்கும் தம்பி கேட்டான். செயற்கைக்கோள் காலத்தில் பழகிய கைக்கு அந்தப் பழக்கமே வரவில்லை.

அந்தக் காலம் முடிந்தது 2020 ஆகஸ்ட் 10 அன்று. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்கு, ரூ.1,224 கோடி செலவில் இழுத்துவந்த கண்ணாடி இழைக் கேபிளைப் பிரதமர் அன்று தொடங்கிவைத்தார். போர்ட் பிளேர், ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகியவை கேபிள் கரையேறும் இடங்கள். மாயாபந்தர் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்தில் இருப்பது சுமார் 70 கி.மீ. தெற்கே ரங்கத். ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. வீடியோவில் பேச முடிந்தது. டிராயரில் கிடந்த அந்தப் பழைய முன்பக்கக் கேமராவை அன்று அவர் எடுத்துத் துடைத்துப் பார்த்தாராம்.

இப்போது யார் வந்து கேட்டாலும் அவர் மெகாபிக்சலைப் பற்றிப் பேசுவதில்லை. விவரப் பட்டியலில் யாரும் படிக்காத ஒரு வரிக்கு நேராகப் போகிறார்: எந்தெந்த அலைவரிசை? 700 மெகாஹெர்ட்ஸ் அலை காட்டையும் சுவரையும் தாண்டித் தூரம் போகும். பட்டணத்துக் கூட்டத்துக்கென்று வந்த 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். டவர் ஒரு குன்றிலும் வீடு அடுத்த குன்றிலும் இருக்கிற ஊரில் வேகத்தைவிடத் தூரம்தான் முக்கியம். அடுத்தது பேட்டரி. தனி லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேசத் தடை உண்டு. ஆகவே மாற்று பேட்டரி கப்பலில்தான் வர வேண்டும். சென்னையிலிருந்து கடலில் மட்டும் மூன்று நாள் ஆகும், கப்பல் கிளம்பக் காத்திருப்பது தனி. ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய ஐபோன் அமெரிக்காவுக்கு விமானத்தில் பறக்கிறது, நமக்கு ஒரு பேட்டரி வர மாசம் ஆகிறது என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல்.

இன்னொரு புலம்பலும் உண்டு. போனில் எஃப்.எம். ரேடியோ கேட்க இயர்போன் ஒயர்தான் ஏரியல். கம்பெனிகள் இயர்போன் துளையையே எடுத்துவிட்டன. ஆபத்துக் காலத்தில் உதவும், ரேடியோவை முடக்காதீர்கள் என்று மத்திய அரசு 2023-ல் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொன்னது. சொன்னது, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவர் என்பதால் வீட்டில் ஒரு பழைய டிரான்சிஸ்டரை வைத்திருக்கிறார். பேட்டரி செல்லை மாதம் ஒருமுறை மாற்றுகிறார்.

இந்த டிசம்பரில் வந்தவள் மாயாபந்தர் மகாத்மா காந்தி கல்லூரியில் படிக்கும் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் பாக்குத் தோட்டம். பாக்கு விற்ற பணத்தில் ரூ.12,000 அவளுக்கு என்று எடுத்து வைத்திருந்தார்கள். தப்பாக வாங்கினால் அடுத்த பாக்கு வரை வேறு போன் கிடையாது. மொபைல் சார் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். தாளில் கட்டம் போட்டு, ஏழு போன்களை எழுதி, ஆறை அடித்தார். மிஞ்சியது செங்கல் மாதிரி ஒரு போன். பெரிய பேட்டரி, மெமரி கார்டு இடம், இயர்போன் துளை, எல்லா அலைவரிசையும் உண்டு. கேமரா சுமார்.

“அங்கிள், இதுல ராத்திரி போட்டோ நல்லா வருமா?”

“ராத்திரி எதுக்கும்மா போட்டோ?”

“இங்க அஞ்சு மணிக்கே ராத்திரிதானே அங்கிள். காலேஜ் விட்டு வீட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிடுது. தென்காசில ஆச்சி இருக்காங்க. அவங்க இந்தத் தோட்டத்தப் பார்த்ததே இல்ல.”

இரண்டு நாள் போட்ட கட்டத்தில் இதற்குக் கட்டம் இல்லை. அவர் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். செங்கல் போனுக்கு ஆதரவாக இன்னும் கொஞ்சம் பேசினார். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் வேறொன்றை வாங்கி வந்தாள். இருட்டில் படம் நன்றாக வரும், மெமரி கார்டு போட இடமில்லை. கடை வாசலில் நின்று சிக்னல் எத்தனை கோடு என்று பார்த்தார். இரண்டு. பரவாயில்லை.

சண்டை போடவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். அவரிடம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, ஈரம் படாமல் அரிசி டப்பாவில் வைத்திருக்கிறார். ஒயரை மாட்டி, அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, போட்டோக்களையும் ஆச்சி தென்காசியிலிருந்து அனுப்பும் குரல் பதிவுகளையும் அதில் இறக்குகிறார். எதையும் திறந்து பார்ப்பதில்லை. போனில் இத்தனை, டிஸ்கில் இத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, டப்பாவை மூடி, நோட்டு வாங்க வந்த பையனைப் பார்த்து “உனக்கு என்னப்பா வேணும்?” என்கிறார்.