கறுப்புப் பந்தும் காப்பாட்டமும்

துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பது தமிழர் நாவிற் பழகியதொரு பழமொழி. ஆழமறியாமற் காலை விடாதே என்பது அதே நாவிற் பழகிய மற்றொன்று. ஒன்று முன்னே தள்ளுகின்றது. மற்றொன்று பின்னே இழுக்கின்றது. எந்தச் சந்தர்ப்பத்தில் எதனைக் கைக்கொள்வது என்பதைப் பழமொழிகள் சொல்வதில்லை. அதனை ஒவ்வொருவனும் தனித்து நின்றே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய தனிமையை ஒரு மேசையின் எல்லைக்குள் அடக்கிக் காட்டும் விளையாட்டுகள் சில உள. கோல்கொண்டு பந்தடிக்கும் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகியன அவ்வகையின. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம். ஜே. எம். லாபீர் வெற்றியீட்டியதன் மூலம் இலங்கையரும் இம்மேசையைத் தமதெனக் கொள்ளும் உரிமை பெற்றனர்.

இவ்விளையாட்டுகளில் ஆட்டக்காரன் தன்முறை வரும்போது இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பந்தைக் குழியில் வீழ்த்த முனைவது ஒன்று, அது தாக்குதலாட்டம். வீழ்த்த முனையாது, எதிராளி எதனையும் வீழ்த்தமுடியாத இடத்தில் வெண்பந்தைக் கொண்டுபோய் நிறுத்துவது மற்றொன்று, அது காப்பாட்டம். பார்வையாளர் முன்னதற்கே கைதட்டுவர். பின்னதை அச்சத்தின் விளைவென எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணம் எத்துணை பிழையானது என்பதைப் பூல் மேசையின் ஓர் அமைப்பைக் கொண்டே விளக்கலாம்.

எட்டாம் இலக்கப் பந்தை இறுதியில் வீழ்த்தும் பூல் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஏழு பந்துகள் உண்டு. ஒருவனுடைய ஆறு பந்துகள் எளிதில் வீழக்கூடியனவாகவும், ஏழாவது பந்து எதிராளியின் பந்துகளுக்கிடையே சிறைப்பட்டும் கிடக்கின்றன என வைத்துக்கொள்வோம். அனுபவமற்றவன் ஆறினையும் விரைந்து வீழ்த்திவிட்டு ஏழாவதன் முன் செயலற்று நிற்பான். அதற்குள் தன்னுடைய பந்துகளாகிய தடைகளைத் தானே அகற்றி, எதிராளிக்கு மேசையைத் திறந்து கொடுத்தும் விடுவான். அனுபவமுடையவனோ சிறைப்பட்ட பந்தை விடுவிக்கும் வழி கிட்டும்வரை இரண்டொரு பந்துகளை வேண்டுமென்றே விட்டுவைத்து, வெண்பந்தை அவற்றின் பின்னே ஒளித்துவிடுவான். எதிராளி தன் பந்தைத் தொடத் தவறினாற் குற்றம். அதன் பயனாக வெண்பந்தை விரும்பிய இடத்தில் வைத்து ஆடும் உரிமை ஒளித்தவனுக்குக் கிட்டுகின்றது. இங்கே காப்பாட்டம் பின்வாங்கலன்று, காலந்தாழ்த்திய தாக்குதலேயாகும்.

இவ்வகையில் நோக்குமிடத்து, தேர்வு என்பது துணிவுக்கும் அச்சத்துக்கும் இடையே நிகழ்வதன்று என்பது புலனாகும். இந்த அடி கைகூடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு, கைகூடாவிடின் மேசையில் எஞ்சப்போவது என்ன, அடுத்த சுமையைத் தாங்கப்போகிறவன் யார் என்னும் மூன்று வினாக்களே அங்கு நிற்பன. ஆயின், இம்மூன்றையும் செவ்வனே எண்ணித் துணிந்தவனும் தோற்கக்கூடும். அதற்கு அழியாத சான்றாக நிற்பது, 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 27, 28ஆம் திகதிகளில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலுள்ள குரூசிபிள் அரங்கில் தொடங்கி நள்ளிரவைக் கடந்து முடிவுற்ற உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டியாகும்.

அப்போட்டியில் எதிரெதிர் நின்றவர் இருவர். ஒருவர் ஸ்டீவ் டேவிஸ். 1981, 1983, 1984ஆம் ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றவர். பிழை செய்யாமையையே தமது ஆயுதமாகக் கொண்டவர். மற்றவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த டெனிஸ் ரெயிலர், முப்பத்தாறு வயதினர், 1979இல் இறுதிப் போட்டிவரை வந்து தோற்றவர். பதினெட்டு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே பட்டம். டேவிஸ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றார். ஆயினும் ரெயிலர் சளைக்காது பின்தொடர்ந்து, இறுதியில் பதினேழுக்குப் பதினேழு எனச் சமன் செய்தார். முப்பத்தைந்தாவது ஆட்டமே அனைத்தையும் தீர்மானிப்பதாயிற்று. பிரித்தானியாவில் ஒரு கோடியே 85 இலட்சம் பேர் உறக்கந் துறந்து தொலைக்காட்சியின் முன் இருந்தனர்.

ஒருமணி நேரத்துக்கு மேல் நீடித்த அவ்வாட்டத்தில் ஒரு கட்டத்தில் டேவிஸ் 62 புள்ளிகளும் ரெயிலர் 44 புள்ளிகளும் பெற்றிருந்தனர். மேசையில் எஞ்சியவை நான்கு பந்துகள்: கபிலம் 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7, கூட்டுத்தொகை 22. ரெயிலருக்கு நான்கும் வேண்டும்; டேவிஸுக்கோ அவற்றுள் ஒன்றே போதும். முன்னிற்பவன் காப்பாட்டம் ஆடுவதே முறை என எக்கணக்கும் சொல்லும். ஆனால் காத்து நிற்பவன் எதிராளியின் கையைக் கட்டிவிட முடியாது. ரெயிலர் தொலைவிலிருந்த கபிலப் பந்தை வீழ்த்தினார்; பின் நீலம்; பின் இளஞ்சிவப்பு. இப்போது 62க்கு 59. எஞ்சியது கறுப்புப் பந்து ஒன்றே. அதனை வீழ்த்துபவர் எவரோ அவரே உலக வீரர்.

இந்நிலையில் ரெயிலர் தேர்ந்த வழி ஆராயத்தக்கது. கறுப்புப் பந்தை மேசை விளிம்பில் மோதவைத்து எதிர்ப்பக்கத்து நடுக்குழிக்குத் திருப்பியனுப்ப முயன்றார். அது வீழவில்லை, ஆனால் டேவிஸுக்கு எளிதில் எட்டாத இடத்திற் போய் நின்றது. வீழ்ந்தாற் பட்டம், வீழாவிடினும் பெருங்கேடில்லை. தாக்குதலும் காப்பும் ஒரே அடியினுள் அடங்கிய தேர்வு அது. டேவிஸ் காப்பாட்டம் ஆடினார். ரெயிலர் மீண்டும் குழியை நோக்கி அடித்தார், மீண்டும் தவறினார். இறுதியில் அவர் தவறவிட்ட ஓர் அடி, கறுப்புப் பந்தை டேவிஸ் வீழ்த்தக்கூடிய இடத்திலே விட்டுச்சென்றது. ஒருவர் ஆடும்போது மற்றவர் கதிரையில் அமர்ந்திருப்பதைத் தவிர செய்வதற்கு எதுவுமில்லை. ரெயிலர் தமது கதிரைக்குத் திரும்பினார்.

டேவிஸின் முன் இருந்தது மெல்லிய அடி. கறுப்புப் பந்தின் ஓரத்தை மட்டும் தொட்டு மூலைக்குழிக்கு அனுப்புதல் வேண்டும். பயிற்சி மேசையில் அவர் எண்ணிறந்த முறை அடித்த அடி. ஆயின் நள்ளிரவுக்குப் பின், இரண்டு நாள் உழைப்பின் இறுதியில், எட்டு ஆட்டங்கள் முன்னிலை பெற்றிருந்து அத்தனையையும் இழந்த மனத்தோடு அடிக்கவேண்டிய அடி. காப்பாட்டம் ஆடியிருக்கலாமே என்று பின்னர் சொல்வது எளிது. ஆனால் அவ்வாறு ஆடினாலும் பிழை நேராதென்பதற்கு உத்தரவாதம் ஏது? களைத்த கை, குழிக்கு அடிக்கும்போது மட்டுமே நடுங்குவதில்லை, காப்பாட்டத்திலும் நடுங்கும். வாய்ப்பு தாமாகவே வந்திருந்தது. டேவிஸ் அடித்தார். தேவைக்கு மேல் மெல்லிதாகத் தொடப்பட்ட பந்து குழியை ஒட்டி விலகிச்சென்றது. ரெயிலர் எழுந்து வந்து கறுப்புப் பந்தை வீழ்த்தினார். அப்போட்டி முழுவதிலும் அவர் முன்னிலை பெற்றது அந்த ஒரு கணத்திலேதான்.

ஈண்டு மனங்கொள்ளத்தக்கதொன்று உண்டு. கறுப்புப் பந்தை நோக்கி ரெயிலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்துத் தவறினார். டேவிஸ் தவறியது ஒரேயொரு முறை. ஆயினும் உலகின் நினைவில் நிலைத்தது டேவிஸின் தவறே. வென்றவனுடைய பிழைகள் துணிவு எனப் பெயர் பெறுகின்றன. தோற்றவனுடைய துணிவு பிழை எனப் பெயர் பெறுகின்றது. தேர்வு வேறு, விளைவு வேறு என்பதை அறிந்தோரும் முடிவைக் கண்டபின் அதனை மறந்துவிடுகின்றனர். ஒரு தேர்வின் தகுதி, தேரும் கணத்தில் மேசையில் இருந்தவற்றைக் கொண்டு அளக்கப்பட வேண்டியது. பந்து எங்கே போய் நின்றது என்பதைக் கொண்டன்று.

இவ்வேறுபாட்டை மறப்பவன் அடையும் தீங்கு பெரிது. துணிந்து ஒருமுறை தோற்றவன், இனித் துணிவதே தவறென்று முடிவுசெய்து, வாழ்நாள் முழுவதும் காப்பாட்டம் ஆடத் தொடங்குவான். காத்து ஒருமுறை தோற்றவன் கண்ணைமூடிக்கொண்டு அடிக்கத் தலைப்படுவான். இருவரும் மேசையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தம் பழைய காயத்தையே பார்க்கின்றனர்.

டேவிஸ் அவ்வாறு செய்யவில்லை. 1986இல் மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்து, ஜோ ஜோன்சனிடம் 18க்கு 12 எனத் தோற்றார். அதன்பின்னரும் 1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டத்தை வென்றார். காக்கவேண்டிய இடத்திற் காத்தும் அடிக்கவேண்டிய இடத்தில் அடித்தும் பெற்ற வெற்றிகள் அவை. அதே அரங்கில், அதே அளவான மேசையில், கறுப்புப் பந்து அவருக்காக மீண்டும் மீண்டும் வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அவர் அதனைப் புதிதாகவே எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது.