கிடைத்த இடம்

யார்க்‌ஷயரின் சிற்றூர் ஒன்றில், ஊர்ப் பூங்காவின் புல்வெளியில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரு முதியவர் தலை குனிந்தபடி நடந்துகொண்டிருப்பார். காதில் ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர், இடுப்பில் ஒரு சிறு மண்வெட்டி, சட்டைப்பையில் நகர மன்றம் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம். முப்பதாண்டுகள் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாத ஆய்வுப் பயணமாக அங்கே வந்திருந்த கரூர் மாணவி ஒருத்தி அவரை முதன்முதலில் கண்டபோது, "என்ன தொலைத்தீர்கள்?" என்று கேட்டாள். "நான் ஒன்றும் தொலைக்கவில்லை. மற்றவர்கள் தொலைத்ததைத் தேடுகிறேன்" என்றார் அவர். அன்று தொடங்கிய பழக்கம் அவள் ஊர் திரும்பும்வரை நீடித்தது.

கருவியின் இயக்கத்தை அவர் பொறுமையாக விளக்கினார். அடியிலுள்ள வட்டச் சுருள் மண்ணுக்குள் மாறுகாந்தப் புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதனுள் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதன் எதிர்வினையைக் கருவி ஒலியாக மாற்றிக் காதில் சேர்க்கிறது. வெள்ளியும் செம்பும் உயர்ந்த ஒலி தரும். இரும்பு தாழ்ந்த ஒலி தரும். குளிர்பானக் குவளையின் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் பெரும்பாலும் ஒரே ஒலியைத்தான் தரும். ஆகவே தங்கத்தை எதிர்பார்ப்பவர் நூறு வளையங்களையாவது தோண்டியெடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு முறையும் புல்லை ஒரு மூடியைப்போல் அறுத்துத் திறந்து, பொருளை எடுத்தபின் மண்ணை நிரப்பி, புல்லை முன்போலவே பதித்துக் காலால் அழுத்துவார். அவர் சென்ற பிறகு அங்கே தோண்டிய சுவடு தெரியாது.

கிடைப்பவை பெரும்பாலும் பழைய பென்னிகள். ஒரு பவுனுக்கு 240 பென்னி என்ற கணக்கு 1971 பிப்ரவரி 15ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அதுவரை பென்னியைக் குறிக்க எழுதப்பட்ட 'டி' என்னும் எழுத்து, ரோமானியரின் 'தெனாரியஸ்' என்ற காசுப் பெயரின் முதலெழுத்து. அதே சொல் சமஸ்கிருதத்தில் 'தீனாரம்' என வழங்கி, குப்தர்களின் பொற்காசுக்குப் பெயரானது. மொழியியல் மாணவியான அவள் இதைச் சொன்னபோது முதியவர் கையிலிருந்த பென்னியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் குறிப்பேட்டை எடுத்து எழுதினார்: காசு, ஆண்டு, ஆழம், வரைபடக் கட்ட எண். நூறாண்டுகூட ஆகாத, சந்தையில் விலையே இல்லாத பென்னிக்கும் அதே நான்கு விவரங்கள். எந்த அருங்காட்சியகமும் அந்தக் காசைப் பதிவு செய்யப் போவதில்லை என்பது அவருக்கே தெரியும்.

அந்தக் கண்டிப்பின் காரணத்தை அவர் ஒரு மழைநாளில், பூங்காத் தேநீர்க் கடையில் அமர்ந்து சொன்னார். 1978இல், புதிதாகக் கருவி வாங்கிய இளைஞராக, உழுத வயல் ஒன்றில் 23 ரோமானிய வெண்கலக் காசுகளைக் கண்டெடுத்தார். வெண்கலமாதலால் அன்றைய ஆங்கிலேயச் சட்டம் அவற்றைப் புதையலாகவே கருதவில்லை. பொன்னும் வெள்ளியும் மட்டுமே அதன் கண்ணுக்குப் புலப்பட்டன. கேட்டவரும் இல்லை. ஒரு வணிகரிடம் 22 காசுகளை விற்றார். ஒன்றை மட்டும் மகளுக்காக வைத்துக்கொண்டார். அக்காலத்தில் தொல்லியலாளர்கள் இவரைப் போன்றவர்களைத் திருடர்களாகவே எண்ணினர். அவர்களை எதிர்த்து 1980இல் ஓர் இயக்கமே நடந்தது. இவரும் அவர்களை அண்டவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஒற்றைக் காசைப் பதிவு அலுவலரிடம் கொண்டுசென்றார். கான்ஸ்டன்டைன் காலத்துக் காசு என்று அலுவலர் சில நிமிடங்களில் சொல்லிவிட்டார். அடுத்து, "எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். மூன்று ஊர்களின் வயல்கள் அவர் நினைவில் கலந்து கிடந்தன. மாவட்டப் பெயரை மட்டுமே சொல்ல முடிந்தது.

அந்த வகைக் காசுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒன்று கூடுவதால் வரலாறு மாறாது. ஆனால் ஒரே வயலில் 23 காசுகள் என்பது வேறு செய்தி. அங்கே ஒரு வீடோ சந்தையோ இருந்திருக்கலாம். எவரோ அஞ்சி ஒரு சிறு முடிச்சைப் புதைத்துச் சென்றிருக்கலாம். எந்தத் தொடரில் வந்தது என்ற குறிப்பில்லாத சொற்சீட்டு அகராதிக்குப் பயன்படாததுபோல், இடமறியாத காசு தன் பெயரை மட்டுமே சொல்லும். தன்னைச் சுற்றியிருந்த வாழ்வைப் பற்றி எதுவும் சொல்லாது.

அவர் மனம் மாறக் காரணமாயிருந்தது 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸ்னே என்னும் ஊரில் நடந்தது. எரிக் லாஸ் என்பவர், நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், ரோமானியப் பொற்காசுகளைக் கண்டார். சிறிது எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகளும், அவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்ற செய்தியும் சேர்ந்தே கிடைத்தன. லாஸுக்கு 17.5 லட்சம் பவுன் வெகுமதி கிடைத்தது. அதை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியல் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதன்பின் 1996இல் புதிய புதையல் சட்டம் வந்தது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தால், வெள்ளியோ பொன்னோ எனில் இரண்டும், பிற உலோகமெனில் பத்தும் புதையலாகும். 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் பெற விரும்பினால் சந்தை மதிப்பைக் கண்டவரும் நிலத்துக்குரியவரும் பெறுவர். புதையல் அல்லாதவற்றையும் விரும்பிப் பதிவு செய்யும் திட்டம் 1997இல் தொடங்கி, இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்டுள்ளது. சட்டம் எல்லோரையும் திருத்திவிடவில்லை. 2015இல் ஹெரஃபோர்ட்‌ஷயரில் கிடைத்த வைக்கிங் காலப் புதையலை அறிவிக்காமல் விற்ற இருவர் 2019இல் சிறை சென்றனர். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டதில் சிறு பகுதியே மீண்டது. ஆனால் அறிவிப்பவருக்கு இழப்பில்லை என்ற நம்பிக்கை அந்நாட்டில் பரவலாக வேரூன்றிவிட்டது.

"உங்கள் நாட்டில் எப்படி?" என்று முதியவர் கேட்டார்.

இந்தியாவில் இன்றும் நடைமுறையிலிருப்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை. புதையலுக்கு உரிமையாளர் எவருமில்லையெனில், நிலத்துக்குரியவர் பங்கு கேட்டாலும் கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கு என்று அச்சட்டம் தாராளமாகவே சொல்கிறது. கிடைத்த இடத்தையும் கேட்கிறது. ஆனால் ஆட்சியர் அதை அரசுக்காகக் கையகப்படுத்தினால் தர வேண்டியது உலோகத்தின் விலையும் அதில் ஐந்திலொரு பங்கும் மட்டுமே. வரலாற்றின் மதிப்பு உலோகத்தின்மேல் 20 விழுக்காடு! அதையும் அலைந்துதான் பெற வேண்டும். எனவே ஆற்றிலும் வயலிலும் கிடைப்பவை ஆட்சியரிடம் செல்வதைவிட வணிகரிடமும் உருக்கும் உலைக்கும் செல்வதே எளிதாக உள்ளது.

கரூரில் அமராவதி ஆற்றுமணலைச் சலித்தவர்களின் கையில்தான் சங்ககாலக் காசுகள் பல முதலில் பட்டன. தலையுருவத்தோடு 'மாக்கோதை' எனத் தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசு அவற்றுள் ஒன்று. பாண்டியரின் 'பெருவழுதி' காசை இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டதும் 1980களில் வணிகர் வழியாக வந்த தொகுப்பிலிருந்துதான். வாங்கிப் படித்துப் பதிப்பித்தவர்கள் இல்லாவிடில் அப்பெயர்களே நமக்குக் கிடைத்திரா. எனினும் அவை எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தன என்பதை இனி எவராலும் மீட்க முடியாது.

ஆங்கிலம் புதையலுக்கு வழங்கும் பழைய பெயர், பிரெஞ்சு வழி வந்தது; 'கண்டெடுத்த செல்வம்' என்பது அதன் பொருள். தமிழில் அது புதைத்தது, புதையல். ஒரு மொழி கண்டவரைக் கருதுகிறது. மற்றொன்று மண்ணைக் கருதுகிறது. சட்டங்கள் இரண்டையும் கருத வேண்டும்.

அன்றிரவு மாணவி கரூரிலிருக்கும் தாய்மாமனைத் தொலைபேசியில் அழைத்தாள். இளவயதில் வெள்ளம் வடிந்ததும் மணல் சலித்தவர் அவர். நான்கைந்து காசுகளைக் கடையில் கொடுத்ததைக் குடும்பமே அறியும்.

"மாமா, அந்தக் காசெல்லாம் ஆத்துல எந்தப் பக்கம் எடுத்தீங்க? ஞாபகம் இருக்குங்களா?"

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எதுக்குக் கண்ணு கேக்கற? கேசு கீசு எதும் வருமா?"

வராது என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரும் இடத்தைச் சொல்லவில்லை. முதியவரிடம் இல்லாமற்போனது நினைவு. மாமாவுக்கு அந்த இடம் இன்றும் நினைவிலிருக்கக்கூடும். நினைவிலிருந்தும் சொல்ல முடியாத நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த அச்சம்.