விரல் தொட்ட இடம்

கேம் ஆடும் குழந்தை, திரையில் மேட்டின் மேல் நிற்கும் எதிரியைக் குறிபார்த்துத் தொடுகிறது. அம்பு அவனைத் தாண்டிப் போய் விழுகிறது. "சரியாத்தானே தொட்டேன்!" என்று சிணுங்கல். பெரியவர்கள் என்றால், "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று போனைக் கீழே வைத்துவிடுவார்கள். பல நேரம் தப்பு விரலில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

திரைக்கு நீளம், அகலம் இரண்டுதான். கேமுக்குள் இருக்கும் உலகத்துக்கோ ஆழமும் உண்டு. அதனால் திரையில் தொடும் ஒரு புள்ளி, அங்கே ஓர் இடம் அல்ல. கேமராவிலிருந்து கிளம்பும் ஒரு கோடு. இருட்டில் டார்ச் அடிப்பது மாதிரி. வெளிச்சம் தரையில் எங்கே படுகிறதோ, அதுதான் நீங்கள் தொட்ட இடம்.

கேமரா 10 அடி உயரத்தில் இருக்கிறது, கோடு 2 அடி முன்னே போக 1 அடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் 20-வது அடியில் படும். அந்தப் பகுதி 2 அடி மேடாக இருந்தால் 16-வது அடியிலேயே முட்டிவிடும். மேட்டை மறந்த ஸ்கிரிப்ட், அம்பை 4 அடி தள்ளி அனுப்பும். கவனமாக எழுதுபவர்கள், கோட்டின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் தரையின் உயரத்தைப் பார்ப்பார்கள். கோடு தரைக்குக் கீழே போகும் இடத்தில் நிறுத்துவார்கள். வானத்தைத் தொட்டால் கோடு தரையில் படவே படாது. அதையும் ஸ்கிரிப்ட் சமாளிக்க வேண்டும்.

2002-ல் வந்த 'வார்கிராஃப்ட் 3' கேமோடு, ஆடுபவர்களே மேப் செய்துகொள்ள ஓர் எடிட்டரும் கிடைத்தது. புகழ்பெற்ற 'டோட்டா' பிறந்தது அதில்தான். ஆனால், மவுஸ் எங்கே நிற்கிறது என்று மேப் ஸ்கிரிப்ட் கேட்க நேரான வழி இல்லை. மேப் செய்தவர்கள் அதற்காக விட்டுவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தகடுகளை, டைல்ஸ் பதிப்பதுபோல் தரையில் பரப்பினார்கள். எந்தத் தகட்டின் மேல் மவுஸ் வந்தது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தார்கள். தொட்டது யார் என்பதைத் தகடு சொல்லாது. அதனால் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தகடு!

மவுஸின் இடத்தை நேராகக் கேட்கும் வசதி 2018-ல்தான் வந்தது. அதுவரை 16 வருடங்கள், முகம் தெரியாத யாரோ ஒருவர் தொடும் இடம் தவறிவிடக்கூடாது என்று பொழுதுபோக்காக மேப் செய்தவர்கள் ராத்திரி கண்விழித்துத் தகடு பதித்துக்கொண்டிருந்தார்கள். சரியாக அமைந்த மேப்பில் ஆடியவர்களுக்கு, அடியில் தகடு இருப்பதே தெரியாது.