கிழிக்காத தேதி

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் காலண்டர் ஒன்று வருஷக்கணக்கில் ஒரே தேதியில் தொங்கியது. அப்பா இறந்த தேதி. மேலே முருகன், கொண்டையராஜு எழுதி, சிவகாசியில் அச்சானது. கீழே தேதித்தாள். முருகனுக்கு மட்டும் வயசாகவில்லை.

ஹிரோஷிகேயின் மழையை வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் பார்த்தேன். 1857இல் வந்த மரச்செதுக்கு அச்சு. மரப்பாலத்தின் மேல் திடீர் மழை. மரத்தில் செதுக்கி எடுத்த மெல்லிய கோடுகளாக இறங்குகிறது. குனிந்து ஓடுகிறவர்களின் முகங்களைக் குடையும் தொப்பியும் மறைத்துவிட்டன. இவ்வகைப் படங்களுக்கு உகியோ-ஏ என்று பெயர். பௌத்த வழக்கில் உகியோ என்றால் முதலில் துயர உலகம். எடோ நகரத்தார் அதே ஒலியை வேறு எழுத்தில் எழுதி மிதக்கும் உலகம் ஆக்கினார்கள்: நிலைக்காது, ஆகவே அனுபவி. ஹிரோஷிகே 1856இல் தலை மழித்துப் பௌத்த நெறி ஏற்றார். 1858இல் இறந்தார். மழைப்படம் இரண்டுக்கும் நடுவில் பெய்கிறது. மிதக்கும் உலகத்தை வரைந்த கை துயர உலகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது என்று எனக்குப் படுகிறது.

நிலையாமையே அழகு என்று இப்படங்களை மெச்சுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கரிசல்காரன் மழைக்கு ஓடமாட்டான், நனைந்துகொண்டு நிற்பான். ஐப்பசியில் ஏமாற்றினால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. இரண்டு தூறலோடு கலைகிற மேகத்தை அழகு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. நிலையாமை அவனுக்குத் தரிசனம் அல்ல, கடன். எனவே சுவரிலாவது அசையாத ஒரு முகம் வேண்டியிருந்தது. கொண்டையராஜு கொடுத்தார்.

அவரும் நிலையாமை அறியாதவர் அல்ல. சிலகாலம் ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கிவிட்டார். 1976இல் மறைந்தார். ஹிரோஷிகே படத்திலிருந்து துறவுக்குப் போனார். இவர் துறவிலிருந்து படத்துக்கு வந்தார். இருவர் வேலையும் மலிவான தாளில், பலர் வீட்டுக்குப் போனது.

ஜப்பான்காரர் கழிந்துபோவதையே படமாக்கினார். நாங்கள் நிலைப்பதை மேலே வைத்து, கழிவதைக் கீழே ஆணியில் குத்தினோம். எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல முன்பு ஆசைப்பட்டதுண்டு. இப்போது இல்லை.

அந்தத் தேதியைக் கிழிக்கவிடாதவள் அம்மா. விளக்கேற்றிவிட்டு அவள் தினமும் காலண்டர் முன் நிற்பாள். முருகனைக் கும்பிடுகிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் கண் கீழே அந்த எண்ணில் இருந்தது.